வெள்ளைத் துணி கட்டிய கார்

இவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது மனைவி குசினியிலிருந்து தலையை நீட்டி, “நல்லதையும் எழுதுங்கோ” என்றாள். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. என் கோபத்துக்கு உள்ள ஒரே இடைஞ்சல் அதுதான்.

கெட்ட மனிதர்மேல் கோபப்படுவது சுலபம். கந்தோரில் எனக்கு மேலே இருந்த இரண்டு பேர்மேல் வருடக்கணக்காகச் சிரமமில்லாமல் கோபப்பட்டிருக்கிறேன். சாப்பாடு செமித்தது, நித்திரை வந்தது, பத்திரிகைக்கு இரண்டு மூன்று சிரிக்கவைக்கும் பகிடிக் கட்டுரைகளும் தேறின. இவர்மேல் வந்த கோபம் அப்படிப்பட்டதல்ல. பத்து வருடம் ஆகப்போகிறது, இன்னும் செமிக்கவில்லை.

திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குப் பின்னால், கடல் தெரியாவிட்டாலும் கப்பல் ஊதுவது படுக்கையறைக்குள் கேட்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் நாங்கள் இருந்தோம். அவருடையது மூலை வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்ட்டில் வேலையாட்களை மேய்க்கும் போர்மனாக இருந்தவர். கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரன் கப்பலேறியபோது ஒரு துரை தன் காரை இவரிடம் விட்டுப்போனார். விலைக்கா, சும்மாவா என்பதில் ஒழுங்கைக்குள் இரண்டு கட்சி இருந்தது. பெரிய கறுப்புக் கார். எந்தக் கொம்பனியின் கார் என்று எழுதமாட்டேன். அதன் ஹோர்ண், நெஞ்சில் சளி கட்டிய எருமையைப்போலக் கத்தும் என்று நான் எழுத, கொம்பனிக்காரர் வழக்குப் போட்டால் என் சம்பளம் தாங்காது.

அந்தக் கார் எல்லோருக்கும் பொது. கேட்க வேண்டியதில்லை. யாருக்காவது அவசரம் என்று அவர் காதில் விழுந்தாலே படலையடியில் எருமை கத்தும். “என்னத்துக்கு யோசிக்கிறியள்? நான் இருக்கிறன்தானே” என்பார். புயல் அடித்த வருடம், கூரை பறந்த வீடுகளிலிருந்து சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியது அந்தக் கார்தான். மூன்று நாள் அவர் உடுப்பு மாற்றவில்லை. எங்களை ஏற்ற வந்தபோது நான் புத்தகப் பெட்டியும் வந்தால்தான் வருவேன் என்று மழைக்குள் நின்றேன். ஒரு சொல்லும் சொல்லாமல் அதையும் தூக்கி வைத்தார். இதை மறைத்துவிட்டு மிச்சத்தை எழுதினால் நான் அயோக்கியன்.

ஆனால், கார் வந்தால் அவரும் வருவார்.

ஓட்டுவதற்கு ஒருவர் வேண்டும், வரத்தானே வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஓட்டி வந்தவர் காரோடு நிற்கமாட்டார், உள்ளே வருவார். ஒழுங்கையின் நடுவில் இருந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் மகளை அவர் காரில்தான் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு ஒரு பக்கம் தகப்பன், மறுபக்கம் இவர். அந்த இரண்டாவது ஆள் யார் என்று மாப்பிள்ளை வீட்டார் முதல் பிள்ளை பிறக்கும்வரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வந்து சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, தம்பலகாமத்தில் இருந்த தன் தம்பியோடு ஒரு காணிப் பிரச்சினையைப் பேசித் தீர்க்க அந்தக் காரில் போனார். இவர் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் கதிரையைப் போட்டு இருந்து, இருவரையும் பேசவிடாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் அன்றே சமாதானமானார்கள். இருவரும் சேர்ந்து திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தபிறகு வேறென்ன செய்வது?

திட்டலாம், மறுக்கத்தான் ஏலாது. பெற்றோல் விலை ஏறிய காலத்தில், கந்தோர் நண்பர் ஒருவர் மனச்சாட்சி பொறுக்காமல் அவருக்குத் தெரியாமல் தாங்கியில் இரண்டு கலன் அடித்துவிட்டார். அடுத்த நாள் காலை அந்த நண்பர் வீட்டு வாசற்படியில் ஒரு தகரம் இருந்தது. றப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, அளந்து, இரண்டு கலனையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்தார். நண்பருக்கோ கார் இல்லை. அந்தத் தகரத்தை எங்கே வைப்பது, யார் சுருட்டைப் பற்றவைத்தபடி வருகிறார்கள் என்ற பயத்திலேயே அவருக்கு அந்த மாதம் போனது.

வெள்ளைத் துணி அவருடைய கண்டுபிடிப்பு. வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினால், தோய்த்து நீலம் போட்ட வேட்டித் துண்டு ஒன்றைக் காரின் பக்கக் கண்ணாடியில் கட்டுவார். கட்டினால் மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேலே ஓடமாட்டார். ஒவ்வொரு மூலையிலும் எருமை கத்தும். சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரும் மற்ற வாகனங்களை மறித்து வழி விடுவார். மீன் சந்தைப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துக் கும்பிடுவார்கள். ஆளைச் சுகமாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்கும்வரை துணி கண்ணாடியில் இருக்கும். ஆள் இல்லை என்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவிழ்த்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவார். ஆகவே துணியோடு போன கார் துணி இல்லாமல் திரும்பி வந்தால் ஒழுங்கைக்கு வேறு செய்தி தேவையில்லை. கார் படலையடிக்கு வருமுன்பே கதிரைகள் வெளியே வந்துவிடும்.

இனி என்னுடைய முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

நாலு பேர் ஓட்டிக் களைத்த சின்னக் கார் ஒன்றை நானும் வாங்கினேன். முதல் வருடக் காப்புறுதிக்கு மூதூரிலிருந்து ஏஜன்ட் வந்தார். மரியாதையான மனிதர், படிவத்தைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். விறாந்தையில் நான், ஏஜன்ட், மூன்றாவது கதிரையில் இவர். யார் அழைத்தது என்று கேட்காதீர்கள்.

“இதில கடைசியா ஒண்டு இருக்கு சேர்” என்றார் ஏஜன்ட். “கார் அடிபட்டுக் கராஜில கிடக்கிற நாளில நீங்க வாடகைக் கார் பிடிச்சா, அந்தச் செலவைக் கொம்பனி தரும். விருப்பமெண்டாப் போடலாம். கொஞ்சம்தான் கூட வரும்.”

இவர் சிரித்தார். “சனத்துக்குச் சனம் உதவாமல், கடதாசியே ஓடிவந்து ஏத்தப்போகுது?”

கதவடியில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற மனைவி, “போடுங்கோ” என்றாள்.

அவள் ஒரு விஷயத்தில் ஒரே சொல்லைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு மாத யோசனை இருக்கும். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் நான் கற்றிருக்கவேண்டியது அது. ஆனால் பகிடி எழுதுகிறவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்து தேத்தண்ணி குடித்தால் அவனுக்கு அது சபையாகிவிடும். “அண்ணை இருக்கேக்குள்ள இது என்னத்துக்கு?” என்றேன். “கொம்பனி காருக்குத்தான் காசு தரும். அண்ணை காரோட தன்னையும் தாறார்.” இவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஏஜன்டும் மரியாதைக்குச் சிரித்தார். நான் அந்த வரியின் குறுக்கே கோடு இழுத்தேன். தேத்தண்ணித் தட்டு மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மூன்று கிழமைக்குப் பிறகு சொன்னாள், வயிற்றில் பிள்ளை என்று.

இதற்கு முன்பு இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் ஒழுங்கை முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்பாகத்தான் வந்தது. கதிரை போதாமல் இரவல் வாங்கி இருத்தினோம். அவளைச் சுற்றி இருந்து, என்ன தூக்கினாய், என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் சரிந்து படுத்தாய் என்று விசாரித்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் ஒரு காரணத்தை அவளிடம் விட்டுப்போனார்கள். எல்லாக் காரணத்திலும் குற்றவாளி அவள்தான். எட்டு நாள் அந்த விசாரணை நடந்தது.

“இந்த முறை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது” என்றாள். “அம்மாவுக்கும் சொல்லமாட்டன். பிள்ளை பிறந்து அழுதா, அந்தச் சத்தத்தைக் கேட்டு வரட்டும்.”

அதற்காகவே ஊர் ஆஸ்பத்திரியை விட்டுக் கந்தளாயில் இருந்த ஒரு பெண் டொக்டரைத் தேடிப் பிடித்திருந்தாள். இருபத்தைந்து மைல். பஸ்ஸின் குலுக்கல் கூடாது என்று அந்த டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் என்ன, எங்களிடம் கார் இருந்தது. முதல் முறை அதில் போய் வந்தோம். குளக்கட்டில் நிறுத்தி ஆளுக்கொரு சோளம் வாங்கித் தின்றோம். அவள் சிரித்ததைப் பார்த்து, மனிதனுக்குச் சொந்தக் கார் எவ்வளவு அவசியம் என்று ஒரு கட்டுரைகூட மனதுக்குள் எழுதினேன்.

அடுத்த கிழமை, நான் தனியாக வந்தபோது, சீனன்குடா வளைவில் ஒரு பசுவுக்கு மரியாதை கொடுத்து மதகில் மோதினேன். பசுவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. காரின் முன்பக்கம் மடிந்துவிட்டது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், கொழும்புக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வெளிநாட்டிலிருந்து வருவதற்கு அரசாங்கம் மனம் வைக்கவேண்டும் என்றார் கராஜ்காரர்.

“நான் ஏன் அதைப் போடச் சொன்னனான் எண்டு இப்ப விளங்குதோ?” என்றாள் மனைவி.

“வாடகைக் காருக்கு நாங்களே காசு குடுப்பம்” என்றேன்.

“காசில்லை விஷயம். காசு எப்பிடியும் புரட்டலாம். அவருக்குச் சொல்லுறதுக்கு ஒரு சாட்டு வேணும். கொம்பனி தருது அண்ணை, பிடிக்காட்டில் வீணாப் போயிடும் எண்டு சொன்னா அவரும் ஒண்டும் சொல்லேலாது, எங்களுக்கும் முகத்தை முறிக்கத் தேவையில்லை. அந்தச் சாட்டைத்தான் நீங்கள் கோடு போட்டு வெட்டினனீங்கள்.”

நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அலுமாரியில் எனக்குப் பின்னால்தான் இருந்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

என்றாலும் பஸ் நிலையத்தடியில் ஒரு வாடகைக் காரைப் பேசினேன். ஊருக்குப் புதியவன், அதிகம் கதைக்காதவன். குறித்த நாள் காலையில் அவன் வரவில்லை. போய்ப் பார்த்தால், மூலை வீட்டு வாசலில் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, வந்த பெற்றோலுக்குக் காசும் கொடுத்து, இவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி இது? நான் இருக்கேக்குள்ள என்ர ஒழுங்கைக்குள்ள வாடகைக் காரோ? ஆருக்கு என்ன?”

சொல்லவேண்டி வந்தது. காதோடு சொன்னேன். ஒருவருக்கும் தெரியக்கூடாது அண்ணை என்று இரண்டு கையையும் பிடித்துச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

“என்ர வாயால ஒரு சொல் வராது. பிள்ளையாராணை.”

வரவில்லை. கடைசிவரை அவர் வாயால் ஒரு சொல்லும் வரவில்லை. மனைவியைப் பின் ஆசனத்தில் ஏற்றி, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பிறகு நீலம் போட்ட வேட்டித் துண்டை எடுத்துக் கண்ணாடியில் கட்டினார்.

“அண்ணை, துணி வேண்டாம்” என்றேன்.

“விசரே உமக்கு? இந்த நேரத்தில ஆரும் வந்து இடிச்சா?”

பதினைந்து மைல் வேகம். மூலைக்கு மூலை எருமை. ஒழுங்கையின் பதினாறு வீடும் படலைக்கு வந்தது. சந்தையில் கூடைகளை இறக்கிவைத்தார்கள். பொலிஸ்காரர் லொறிகளை மறித்து, குனிந்து உள்ளே பார்த்தார். தலையணைகளுக்கு நடுவில் முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, மேலுக்கு ஒன்றும் வருத்தமில்லாமல், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு இருந்தாள். இதற்கு விளக்கம் தேவைப்படும் அளவுக்குத் திருகோணமலையில் யாரும் மந்தமில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது விறாந்தையில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் கையில் தோடம்பழம், இன்னொருத்தியின் கையில் முறித்த வேப்பிலை.

“ஆரும் கேட்டினமோ?” என்று அவர் என்னிடம் இரகசியமாக விசாரித்தார். “நான் மூச்சு விடேல்லை.”

அன்று அவரைக் கழுத்தில் பிடித்திருக்கவேண்டும். நான் செய்தது, “பெரிய உபகாரம் அண்ணை” என்றது.

இன்னும் இரண்டு முறை அப்படிப் போய்வந்தோம். அதற்கு அடுத்த முறை டொக்டர் கருவியை வயிற்றில் வைத்து, காதைச் சாய்த்து, நெடுநேரம் கேட்டார். பிறகு கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார். மூன்று நாள் அவளை அங்கே ஆஸ்பத்திரியில் மறித்தார்கள். இந்த முறையும் தங்கவில்லை.

அந்த மூன்று நாளும் இவர் ஊருக்குத் திரும்பவில்லை. காருக்குள்ளேயே படுத்தார். எனக்கு எங்கிருந்தோ சோறு பார்சல் கொண்டுவந்தார். நான் தின்னாததைக் கண்டு, தானும் தின்னாமல் நாய்க்குப் போட்டார். உள்ளே வரவில்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாக வாசலோடு நின்றார். இவ்வளவையும் செய்த ஒருவர்மேல் நான் எப்படிக் கோபப்படுவது? சொல்கிறேன்.

நாலாம் நாள் காலை அவளைத் தாங்கிக்கொண்டு வந்து பின் ஆசனத்தில் இருத்தினேன். தலையணைகள் அப்படியே இருந்தன. அவர் கண்ணாடியடிக்குப் போய்த் துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

மனைவி அந்த நாலு நாளில் பேசிய முதல் வசனம் அதுதான். “அண்ணை, அந்தத் துணி கிடக்கட்டும்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “இனி என்னத்துக்குத் தங்கச்சி?”

“வீட்டை போகுமட்டும் கிடக்கட்டும்.”

அவருடைய முகம் கோணிவிட்டது. அழுதுவிடுவார்போல இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். “பொய்யாக் கட்டக்கூடாது தங்கச்சி. ஒருக்காப் பொய்யாக் கட்டினா, பிறகு உண்மையான வருத்தக்காரனுக்கு ஒருத்தரும் வழி விடமாட்டினம்.”

சரியான நியாயம். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். துணியை அவிழ்த்தார், நாலாக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார். ஓர் ஓரம் பைக்கு வெளியே தெரிந்தது. வழி முழுவதும் நான் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மெதுவாக ஓடவேண்டிய தேவை இல்லாததால் நாற்பதில் ஓடினார். தம்பலகாமச் சந்தி, சீனன்குடா, நான் மோதிய மதகு, சந்தை. சந்தையில் பெண்கள் கூடையை இறக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஒழுங்கைக்குள் திரும்பும்போது எங்கள் விறாந்தையில் கதிரைகள் போடப்பட்டிருந்தன.

இரண்டு நாள் அவள் கழுவிக்கொள்ளும் தண்ணீர்ச் சத்தம்வரை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் அறைக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். வெளியே கதிரைக்காரருக்கு வெற்றிலைத் தட்டு நீட்டிக்கொண்டு இவர் நின்றார். “பாவம், அது கொஞ்சம் தனிய இருக்கட்டும்” என்று என் வீட்டில் என் மனைவிக்காக எல்லோரிடமும் அனுமதி கேட்டார். நான் குசினிக்குள் போய், வந்தவர்களின் தேத்தண்ணிக்கு அவர் கொண்டுவந்த சீனிப் போத்தலை எடுத்துக் கிணற்றடியில் கொட்டினேன். என் கோபத்தின் வரலாற்றில் வீரச்செயல் என்று சொல்ல அந்த ஒன்றுதான் உண்டு. எறும்புகள் பயனடைந்தன.

கார் கராஜிலிருந்து வர மேலும் நாலு மாதம் சென்றது. வருடம் முடிந்து மறுபடியும் ஏஜன்ட் வந்தார். அதே விறாந்தை. மூன்றாவது கதிரையில் அவர்.

ஏஜன்ட் பழைய படிவத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். கடைசி வரிக்கு வந்ததும், போன வருடம் நான் இழுத்த கோட்டைப் பார்த்து, தானே கோடு இழுக்கப் பேனையைச் சரித்தார்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தட்டு இல்லை, தேத்தண்ணி இல்லை. ஏஜன்டின் கையிலிருந்த பேனையை வாங்கி, மேசையில் குனிந்து, அந்த வரிக்கு நேரே அடையாளம் போட்டாள்.

அவர் சிரித்தார். அன்பான சிரிப்பு, அதைச் சொல்லத்தான் வேண்டும். “என்ன தங்கச்சி, நான் இருக்கேக்குள்ள இது என்னத்துக்கு?”

கொம்பனி தருகிறது, பிடிக்காவிட்டால் வீணாகும் என்ற சாட்டு அவள் கையில் தயாராக இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்பே யோசித்து வைத்தது. அதை அவள் எடுக்கவில்லை.

“அதுக்குத்தான் அண்ணை” என்றாள்.

உள்ளே போய்விட்டாள்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அவருடைய கை சட்டைப் பையடிக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தடவிவிட்டு மடிக்கு வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அவள் என்ன சொல்லுகிறாள் என்று நான் விளக்கவேண்டும், அல்லது ஒரு பகிடி விட்டு அதை இல்லாமல் செய்யவேண்டும். அந்தப் பார்வைக்கு வேறு அர்த்தம் இல்லை. பகிடி ஒன்று வந்தது. நல்ல பகிடி. விழுங்கினேன்.

ஏஜன்ட் தொண்டையைச் செருமி, படிவத்தை என் பக்கம் திருப்பினார். “கார் சேரின்ர பேரிலதானே. கையொப்பம் நீங்கதான் வைக்கவேணும்.”

அவருக்கு முன்னால், அவர் பார்த்துக்கொண்டிருக்க, பேனையை எடுத்தேன். வருடம் முழுவதும் சேர்த்துவைத்த கோபத்தை எல்லாம் அதில் இறக்கிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறிதாக விழுந்தது. ஆனாலும் கையொப்பக் கோட்டின் மேல் விழுந்தது.